வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு செமஸ்டர்: நாடாளுமன்ற இன்டர்ன்ஷிப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனில், வெஸ்ட்மின்ஸ்டரில் உள்ள பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபையின் உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். தொகுதி மக்களிடமிருந்து வரும் மனுக்களைப் பார்ப்பது என் வேலை, கேஸ்வொர்க்கர் என்பார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து ஒரு செமஸ்டருக்கு இன்டர்னாக வரும் மாணவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து வேலை பழக்குவதும் என் பொறுப்பாகவே இருந்தது. பெரும்பாலும் அமெரிக்க மாணவர்கள். இடையிடையே கனடா, இந்தியா, சிங்கப்பூர்ப் பிள்ளைகள். இப்போது தமிழ் மாணவர்களும், அவர்களைவிட அதிகமாக அவர்களுடைய அப்பா அம்மாக்களும், எனக்கு எழுதிக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதிவைக்கிறேன்.

இன்டர்ன் என்றால் நாடாளுமன்றத்தில் வேலையா, எம்.பி.யிடம் வேலையா?

எம்.பி.யிடம். இதை முதலிலேயே புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். காமன்ஸ் சபையில் 650 உறுப்பினர்கள். தன்னுடைய அலுவலகத்துக்கு ஆள் எடுப்பது, வேலை பிரிப்பது எல்லாம் ஒவ்வொரு எம்.பி.யின் சொந்தப் பொறுப்பு. '650 சின்னக் கடைகள்' என்று அங்கே உள்ளவர்களே சொல்வார்கள். ஓர் அலுவலகத்தில் நான்கைந்து பேர்தான் இருப்பார்கள். அதில் இரண்டு பேர் தொகுதியில் இருப்பார்கள். நல்ல கடையில் சேர்ந்தால் மூன்று மாதத்தில் நிறையக் கற்றுக்கொள்ளலாம். கவனிக்க ஆளில்லாத கடையில் சேர்ந்தால் நகலெடுக்கும் இயந்திரத்தோடு பொழுது போய்விடும்.

அதனால் நேர்காணலில் கூச்சப்படாமல் கேளுங்கள்: எனக்கு வேலை சொல்லித்தரப் போவது யார்? அவர் தினமும் லண்டனில் இருப்பாரா? எனக்கு முன்னால் இருந்த இன்டர்ன் என்ன வேலை செய்தார்? மூன்றாவது கேள்விக்கு உடனே தெளிவான பதில் வந்தால் நம்பிச் சேரலாம்.

எந்த வழியில் போவது?

பெரும்பாலோர் வருவது தங்கள் பல்கலைக்கழகத்தின் லண்டன் செமஸ்டர் வழியாக. வாரத்தில் மூன்று நாள் எம்.பி. அலுவலகம், மீதி நாளில் பிரிட்டிஷ் அரசியல் வகுப்பு, முடிவில் ஒரு கட்டுரை, அதற்கு மதிப்பெண். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் இப்படி அனுப்புகின்றன. வாஷிங்டனில் உள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் லண்டனுக்கும் டப்ளினுக்கும் மாணவர்களை அனுப்பும் பழைய நிறுவனங்களில் ஒன்று.

இன்னொரு வழி, பட்டப்படிப்பையே பிரிட்டனில் சேர்ந்து படிப்பது. ஹல் பல்கலைக்கழகமும் லீட்ஸ் பல்கலைக்கழகமும் இதற்குப் பெயர் பெற்றவை. படிப்பின் ஒரு பகுதியாகவே மாணவர்களை வெஸ்ட்மின்ஸ்டருக்கு அனுப்புகிறார்கள். இந்த இரண்டும் எதிர்த்திசையிலும் ஆள் அனுப்புகின்றன: அங்கே படிக்கும் பிரிட்டிஷ் மாணவர்கள் அமெரிக்கக் காங்கிரஸில் போய் உட்கார்ந்து வேலை பழகுகிறார்கள்.

நேரடியாக எம்.பி.க்கே எழுதிப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பிரிட்டனில் ஏற்கனவே சட்டப்படி வசித்துப் படித்துக்கொண்டிருப்பவர் தாராளமாக எழுதலாம். திருச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்துகொண்டு எழுதினால், விசாவில் போய் முட்டிக்கொள்ளும்.

விசா விஷயம் என்ன?

சுற்றுலாப் பயணியாக உள்ளே வந்து இன்டர்ன்ஷிப் செய்ய முடியாது. சம்பளம் வாங்காவிட்டாலும் முடியாது. 'சும்மாதானே உதவி செய்யப் போகிறேன்' என்ற பேச்சு குடிவரவு அதிகாரியிடம் எடுபடாது. மாணவர் விசாவில் வந்து, இன்டர்ன்ஷிப் உங்கள் படிப்பில் மதிப்பெண் உள்ள ஒரு பகுதியாக இருந்தால் சிக்கல் இல்லை. பட்டப்படிப்பு மாணவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்ற விதி உண்டே, படிப்பின் பகுதியான இந்த வேலை அந்தக் கணக்கில் சேராது. ஆனாலும் உங்கள் பல்கலைக்கழக விசா அலுவலகத்தில் எழுத்தில் உறுதி வாங்காமல் ஓர் அடியும் எடுத்துவைக்க வேண்டாம். விதி அடிக்கடி மாறுகிறது.

சம்பளம் உண்டா?

படிப்பின் பகுதியாக வருபவர்களுக்கு அநேகமாகக் கிடையாது. பிரிட்டனில் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் இருக்கிறது; ஆனால் இங்குள்ள உயர்கல்விப் படிப்பின் கட்டாயப் பகுதியாக, ஓராண்டுக்கு மேற்படாமல் வேலை பழகும் மாணவருக்கு அதில் விலக்கு. பஸ், ரயில் கட்டணமும் மதியச் சாப்பாட்டுச் செலவும் கிடைக்கும் வாய்ப்பு உண்டு. எம்.பி.க்களின் செலவுக் கணக்கு விவகாரம் 2009இல் வெடித்தபோது ஒரு தனி ஆணையம் உண்டாக்கினார்கள். அந்த ஆணையத்தின் விதிப்படி இந்தச் சில்லறைச் செலவை எம்.பி. தன் அலுவலக நிதியிலிருந்து கொடுக்கலாம். கேட்டு வாங்குங்கள். கேட்காமல் விட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இது எனக்கு ஆறாத விஷயம், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். லண்டனில் நான்கு மாதம் சம்பளம் இல்லாமல் இருக்க வசதி உள்ள வீட்டுப் பிள்ளைதான் வர முடிகிறது. வந்தவர்களில் புத்திசாலிகள் நிறைய இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வெளியே பூட்டு மாற்றப்பட்டு நிற்பவர் தொலைபேசியில் அழும்போது அவர் என்ன சொல்கிறார் என்பது, வாடகைக் கவலையில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு உடனே புரிந்த மாதிரி மற்றவர்களுக்குப் புரியவில்லை. அந்தப் பெண் தன் ஊர்க் கல்லூரி கொடுத்த உதவித்தொகையில் வந்தவள். உள்ளூர் இளைஞர்களுக்காவது இந்தக் குறையைப் போக்க 2011இல் சபாநாயகர் பெயரில் சம்பளத்தோடு ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கினார்கள். ஹேசல் பிளியர்ஸ் என்ற எம்.பி. முன்னின்று கொண்டுவந்தது. வெளிநாட்டு மாணவர்களுக்கு அப்படி ஒன்று இல்லை. ஆகவே விண்ணப்பிக்கும்போதே உங்கள் பல்கலைக்கழகத்தில் பயண உதவித்தொகை இருக்கிறதா என்று துருவிக் கேளுங்கள். பல இடங்களில் இருக்கிறது. யாரும் விளம்பரம் செய்வதில்லை.

எவ்வளவு நாள் முன்னால் ஏற்பாடு செய்ய வேண்டும்?

ஆறு மாதம். இடம் கிடைப்பதைவிட நுழைவு அட்டை கிடைப்பதுதான் இழுக்கும். கட்டடத்துக்குள் தனியாக நடமாட வேண்டுமானால் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும். நீங்கள் எங்கெங்கே வாழ்ந்தீர்கள் என்று பார்ப்பார்கள், சொந்த நாட்டுக் காவல்துறைச் சான்றிதழ் கேட்கலாம். வாரக்கணக்கில் ஆகும். அட்டை வரும்வரை விருந்தினராகத்தான் நடத்துவார்கள், எங்கே போனாலும் கூட ஒருவர் வர வேண்டும்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்காதீர்கள். 2016 ஜூனில் ஜோ காக்ஸ் என்ற எம்.பி., தொகுதி மக்களைச் சந்திக்கப் போன இடத்தில் கொல்லப்பட்டார். 2017 மார்ச்சில் நாடாளுமன்ற வாயிலில் கீத் பால்மர் என்ற காவலர் குத்திக் கொல்லப்பட்டார். 2021 அக்டோபரில் டேவிட் ஏமஸ் என்ற எம்.பி., ஒரு தேவாலயத்தில் மக்களிடம் மனு வாங்கிக்கொண்டிருந்தபோதே கொல்லப்பட்டார். நம் பையைத் திறந்து பார்க்கும் காவலர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போங்கள். அவர்களுக்கும் அது ஞாபகத்தில் இருக்கிறது.

எந்தப் பருவம் நல்லது?

ஜனவரி. ஜூலைக் கடைசியில் சபைக்கு விடுமுறை விட்டுவிடுவார்கள். செப்டம்பரில் இரண்டு வாரம் போலக் கூடிவிட்டு, கட்சி மாநாடுகளுக்காக மறுபடி அக்டோபர் நடுப்பகுதிவரை விடுமுறை. செப்டம்பரில் ஆசையாக வந்து இறங்கும் மாணவர் காலி நடைபாதைகளைத்தான் பார்ப்பார். ஜனவரியில் வந்தால் சிறு விடுமுறைகள் போக மற்ற நாளெல்லாம் சபை நடக்கும்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

காலை ஒன்பதரைக்கு வருவீர்கள். எங்கள் அறை போர்ட்குல்லிஸ் ஹவுஸில் இருந்தது. பிக் பென்னுக்கு எதிரே, 2001இல் திறந்த கட்டடம். நடுவில் கண்ணாடிக் கூரை, அதன் கீழே அத்தி மரங்கள், காபிக் கடை. அங்கிருந்து சாலைக்கு அடியில் ஒரு வழி, சபை கூடும் பழைய அரண்மனைக்குப் போகிறது. மழையில் நனையாமல் 21ஆம் நூற்றாண்டிலிருந்து 1097இல் கட்டிய வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலுக்கு நடந்தே போய்விடலாம்.

திங்கட்கிழமை சபை மதியம் இரண்டரைக்குத்தான் கூடும், எம்.பி.க்கள் தொகுதியிலிருந்து ரயிலேறி வர வேண்டும் அல்லவா. செவ்வாயும் புதனும் பதினொன்றரை, வியாழன் ஒன்பதரை. வெள்ளியில் பெரும்பாலும் சபை கிடையாது, தொகுதி நாள். சபை கூடுவதற்கு முன்னால் கடிதம், மின்னஞ்சல். எங்கள் அலுவலகத்துக்கு ஒரு நாளில் முந்நூறு மின்னஞ்சல் வந்ததுண்டு. அதில் பாதி ஏதோ ஓர் அமைப்பு எழுதித் தந்த ஒரே வாசகம், பெயர் மட்டும் வேறு. அதற்கும் பதில் போக வேண்டும்.

இன்டர்னுக்கு நான் சொல்லித்தரும் முதல் பாடம்: கடிதத்தைப் படிக்கும் முன் அஞ்சல் குறியீட்டைப் பார். எழுதியவர் நம் தொகுதிதானா? மற்றொரு எம்.பி.யின் தொகுதிக்காரர் விஷயத்தில் தலையிடுவது அங்கே மரபில்லை. குறியீட்டைத் தட்டிப் பார்த்து, வேறு தொகுதி என்றால் அந்த எம்.பி.க்கு அனுப்பிவிட வேண்டும்.

அப்புறம் ஆராய்ச்சி வேலை. எம்.பி. பேசப் போகும் விவாதத்துக்குக் குறிப்பு எடுப்பது, அமைச்சருக்கு எழுத்துமூலக் கேள்வி தயாரிப்பது. காமன்ஸ் நூலகம் இதற்கு ஒரு புதையல். கட்சி சார்பில்லாத நிபுணர்கள் எழுதும் விளக்கக் குறிப்புகள் எந்தத் தலைப்பிலும் கிடைக்கும். பெரும்பாலானவை பொதுமக்களுக்கும் இணையத்தில் இலவசம். வருவதற்கு முன்பே நான்கைந்து படித்துவிட்டு வாருங்கள். சிக்கலான விஷயத்தை அலங்காரமில்லாமல் எழுதுவது எப்படி என்பதற்கு அதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியாது.

தொகுதி மக்களின் கடிதத்தைத்தான் பார்க்க வேண்டுமா? நான் படிப்பது சர்வதேச உறவுகள் ஆயிற்றே.

ஆமாம், பார்க்க வேண்டும். நாடாளுமன்றம் என்பது அந்தக் கடிதம்தான் என்று நான் நம்புகிறேன். ஒன்பது ஆண்டில் இதில் என் கருத்து மாறவில்லை.

ஒரு பிப்ரவரியில் நடந்தது. ஒஹாயோவிலிருந்து வந்த மாணவி, இருபது வயது. உயிலெழுதிய மாதிரி நுணுக்கி எழுதின ஒரு கடிதத்தை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தாள். கவுன்சில் வீட்டில், அதாவது உள்ளாட்சி மன்றம் வாடகைக்குக் கொடுத்த வீட்டில், குடியிருக்கும் பாட்டி, பேரனோடு. படுக்கையறைச் சுவரில் கரும்பூஞ்சை. பையனுக்கு இரவில் மூச்சுத்திணறல். கூடவே நான்கு புகைப்படம். ஒன்றில் பையனின் கட்டில், தலைமாட்டில் தோளுயரத்துக்குச் சுவர் கறுத்திருந்தது. சுவரோரம் ஒரு துணிப் பொம்மை. அதன் முதுகிலும் பூஞ்சை.

அவள் எழுதிய முதல் வரைவு ஒன்றரைப் பக்கம், முழுக்க வருத்தம். நான் சொன்னேன்: பாட்டிக்கு நம் வருத்தம் வேண்டாம் அம்மா, தேதி வேண்டும். என்றைக்குப் புகார் செய்தார்? பதிவு எண் என்ன? யார் வந்து பார்த்தார்கள்? அவள் தொலைபேசியை எடுத்தாள். நாற்பது நிமிடம். பாட்டி முதலில் தன் மகளைப் பற்றி, பிறகு கால்வலியைப் பற்றி, பிறகுதான் சுவரைப் பற்றிப் பேசினார். மாணவி குறுக்கே பேசவில்லை. தாளில் ஐந்து தேதி எழுதிக்கொண்டாள். கவுன்சிலுக்குப் போன கடிதம் கடைசியில் பதினோரு வரி. ஐந்து தேதியும் வரிசையாக இருந்தன, அவ்வளவுதான்.

அந்தக் கடிதம் எப்படி வெளியே போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தாளின் உச்சியில் நாடாளுமன்றத்தின் சின்னமான போர்ட்குல்லிஸ் முத்திரை. நடுவில் உள்ளதை அச்சடிப்போம். 'அன்புள்ள' என்ற தலையையும் 'தங்கள் உண்மையுள்ள' என்ற வாலையும் எம்.பி. தன் பேனாவால் எழுதுவார். மாலையில் நாற்பது ஐம்பது கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு தலையும் வாலும் போட்டுக்கொண்டிருப்பார். பெறுபவருக்கு அந்த மை தெரியும். கவுன்சில் அதிகாரிக்கும் தெரியும்.

பூஞ்சை ஒரு சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு: ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. வீட்டுப் பூஞ்சைதான் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அந்தப் பெற்றோர் விடாமல் போராடினார்கள். 2023இல் வந்த சமூக வீட்டுவசதிச் சட்டத்தில், இப்படிப்பட்ட ஆபத்தை வீட்டு உரிமையாளர் கெடு வைத்துச் சரிசெய்ய வேண்டும் என்ற பிரிவு சேர்ந்தது. அதை அவாப் சட்டம் என்றே எல்லோரும் சொல்கிறார்கள்.

பிரதமரிடம் கேள்வி கேட்கும் நேரத்தைப் பார்க்க முடியுமா?

புதன்கிழமை பன்னிரண்டு மணி, அரைமணி நேரம். கேலரியில் இடம் கிடைப்பது கடினம். அலுவலகத்துக்குச் சீட்டு வந்தால் பெரும்பாலும் தொகுதி மக்களுக்குத்தான் கொடுப்போம். ஒரு தடவையாவது உங்களுக்கு வாய்க்கும். இப்போது கேலரியில் பொதுமக்கள் உட்காரும் இடத்துக்கும் சபைக்கும் நடுவில் கண்ணாடி, 2004இலிருந்து நிற்கிறது. அதை வைத்த சில வாரத்திலேயே, கண்ணாடிக்கு முன்னால் இருந்த வரிசையிலிருந்து அப்போதைய பிரதமர் டோனி பிளேர் மேல் ஊதா நிற மாவை எறிந்தார்கள்.

ஆனால் நான் சிபாரிசு செய்வது வேறு. செவ்வாய் காலையில் அமைச்சகங்களைக் கண்காணிக்கும் ஏதாவது ஒரு தேர்வுக் குழுவின் (செலக்ட் கமிட்டி) விசாரணைக்குப் போய் உட்காருங்கள். பதினோரு எம்.பி.க்கள் குதிரைலாட வடிவ மேஜையில் அமர்ந்து ஓர் அமைச்சரையோ நிறுவனத் தலைவரையோ இரண்டு மணி நேரம் கேள்வி கேட்பார்கள். சத்தம் இல்லை, கைதட்டல் இல்லை. எதிர்க்கட்சிக்காரரும் ஆளுங்கட்சிக்காரரும் ஒரே கேள்வியைத் தொடர்ந்து கேட்பதை அங்கேதான் பார்க்கலாம்.

மணி அடித்தால் எல்லோரும் ஓடுகிறார்களாமே?

ஓடுவார்கள். வாக்கெடுப்பு மணி. அடித்த எட்டாவது நிமிடத்தில் கதவைச் சாத்திவிடுவார்கள். அக்கம்பக்கத்துச் சில மதுக்கடைகளிலும் உணவகங்களிலும்கூட அந்த மணி உண்டு. இந்திய மக்களவையில் பொத்தானை அழுத்தி வாக்களிக்கிறார்கள். இங்கே எம்.பி.க்கள் 'ஆம்' என்றால் ஒரு கூடத்தின் வழியாகவும் 'இல்லை' என்றால் இன்னொரு கூடத்தின் வழியாகவும் நடந்தே போக வேண்டும். கால்மணி நேரம் ஆகும். காலத்தை வீணாக்குகிறார்களே என்று அமெரிக்க மாணவர்கள் கேட்பார்கள். ஒரு பயன் இருக்கிறது: சாதாரண எம்.பி.க்கு அமைச்சர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பது அந்தக் கூடத்தில்தான். அமைச்சரின் அலுவலகத்தில் மூன்று வாரம் தூங்கும் விஷயம் அங்கே மூன்று நிமிடத்தில் பேசி முடியும்.

பாட்டியின் விஷயத்தை அந்த மாணவி அரைப் பக்கத்தில் சுருக்கி அச்சடித்துத் தந்தாள். மணி அடித்ததும் எம்.பி. அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். இன்டர்ன்களுக்கு அந்தக் கூடத்துக்குள் அனுமதி இல்லை. அவள் திரையில் வாக்கு எண்ணிக்கை வரும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

எம்.பி.யின் கட்சி எனக்குப் பிடிக்காவிட்டால்?

விண்ணப்பத்திலேயே விருப்பம் கேட்பார்கள், எழுதலாம். ஆனால் வேலை கட்சிக்காக இல்லை. காமன்ஸ் தாளையும் உறையையும் கட்சிப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தவே கூடாது என்று விதி. எதிர்க் கருத்துள்ள எம்.பி.யிடம் வேலை பார்த்தவர்கள் அதிகம் கற்றுக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். கொறடா உத்தரவு என்ன, அதை மீறுபவர் என்ன விலை கொடுக்கிறார் என்பதெல்லாம் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டியவை. முக்கியமான வாக்கெடுப்பு என்றால் அறிவிப்பில் மூன்று கோடு அடிக்கோடிட்டு வரும். மூன்று கோட்டை மீறிப் போகும் எம்.பி. அன்றைக்குக் காலையில் எப்படி இருப்பார் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாது.

அந்நிய நாட்டுப் பிள்ளைக்கு அங்கே மதிப்பு இருக்குமா?

இருக்கும். அந்தச் சபையின் பொருட்களில்கூட நம் பக்கத்துப் பங்கு இருக்கிறது. 1941இல் குண்டு விழுந்து சபை மண்டபம் நாசமானது. 1950இல் மறுபடி திறந்தபோது காமன்வெல்த் நாடுகள் ஆளுக்கொன்று கொடுத்தன. சபாநாயகர் நாற்காலி ஆஸ்திரேலியா, நடு மேஜை கனடா, நுழைவுக் கதவுகள் இந்தியாவும் பாகிஸ்தானும், சபைக் காவலரின் நாற்காலி இலங்கை. 2024 தேர்தலில் ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில் உமா குமரன் வென்றார். அந்தச் சபைக்குப் போன முதல் தமிழர் என்று அவரைச் சொல்கிறார்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்றும் சொல்கிறேன். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் போன்ற காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் பிரிட்டனில் சட்டப்படி வசித்தால், மாணவராக இருந்தாலும், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்து நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். அமெரிக்க மாணவருக்கு அந்த உரிமை கிடையாது, உங்களுக்கு உண்டு. வீடு எடுத்த வாரத்திலேயே பதிவு செய்துவிடுங்கள். உங்களுக்கும் ஒரு எம்.பி. இருக்கிறார், உங்கள் வீட்டுச் சுவர் கறுத்தால் நீங்களும் எழுதலாம்.

ஆங்கிலம் அவ்வளவு சரளமாக வராதே?

நாவில் சரளம் வராவிட்டாலும் பரவாயில்லை. காதில் பொறுமை வேண்டும். தொலைபேசியில் வருபவர்கள் கிளாஸ்கோ ஆங்கிலம், வங்காள ஆங்கிலம், சோமாலிய ஆங்கிலம் என்று பேசுவார்கள். புரியாவிட்டால் 'மன்னிக்கவும், இன்னொரு முறை' என்று கேளுங்கள். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. ஈஸ்ட்ஹாம், ஹாரோ பக்கத்துத் தொகுதிகளில் தமிழில் பேச ஆளிருந்தால் தாத்தா ஒருவர் விசா சிக்கலைத் தெளிவாகச் சொல்லிவிடுவார்.

பெண்ணைத் தனியாக அனுப்பலாமா? தொல்லை ஏதாவது வந்தால்?

பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விதான். 2017இல் வெஸ்ட்மின்ஸ்டரில் பாலியல் தொல்லை, மிரட்டல் பற்றிய புகார்கள் நிறைய வெளிவந்தன. அதன் பிறகு 2018இல் சுதந்திரமான புகார் விசாரணை அமைப்பு ஒன்றை உருவாக்கினார்கள். எம்.பி.யே தவறு செய்திருந்தாலும் விசாரிக்கும். சம்பளமில்லாத இன்டர்னும் புகார் தரலாம். ரகசிய உதவி எண் உண்டு. முதல் நாளே அந்த எண்ணைத் தொலைபேசியில் பதிந்துவைக்கச் சொல்லுங்கள். மாலை நேர மது விருந்துகளுக்குப் போகாமல் இருப்பதால் வேலையில் எந்தக் குறையும் வராது. நான் ஒன்பது ஆண்டும் போனதில்லை.

படம் எடுத்துப் போடலாமா?

வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலில் எடுக்கலாம். அரண்மனைக்குள் மற்ற பல இடங்களில் கூடாது. அலுவலகத்தில் மேஜையைக்கூட எடுக்காதீர்கள். பின்னணியில் யாரோ ஒருவரின் கடிதம் இருக்கும். மக்களின் விவரம் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. உங்கள் கட்டுரையில் எழுதுவதாக இருந்தாலும் பெயர், தெரு, நோய் எதுவும் வரக்கூடாது.

உடை, சாப்பாடு?

ஒரு நல்ல கோட்டு, காலைக் கடிக்காத ஷூ. செருப்பு வேண்டாம். தினமும் நிறைய நடக்க வேண்டியிருக்கும். சாப்பாடு உள்ளே உள்ள உணவகங்களில் வெளியைவிட மலிவு. சைவத்துக்குக் குறையில்லை.

பிரிட்டன் இல்லாமல் வேறு நாடு?

ஜெர்மன் நாடாளுமன்றமான பண்டஸ்டாக் 1986 முதல் சர்வதேச நாடாளுமன்ற உதவித்தொகை ஒன்றை நடத்துகிறது. மார்ச்சிலிருந்து ஜூலைவரை பெர்லினில் ஐந்து மாதம், எம்.பி. அலுவலகத்தில் வேலை. மாத உதவித்தொகை, தங்குமிடம், காப்பீடு எல்லாம் தருகிறார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் இதைப் பார்த்துக் கற்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் நல்ல ஜெர்மன் மொழியறிவு வேண்டும், வயது முப்பதுக்குள், உங்கள் நாடு அவர்களின் பட்டியலில் இருக்கவும் வேண்டும்.

கடைசி வாரம் என்ன செய்ய வேண்டும்?

பரிந்துரைக் கடிதம் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். எம்.பி.யோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கெல்லாம் முன்னால், முடியாமல் நிற்கும் மனுக்களின் பட்டியலை ஒரு தாளில் எழுதி உங்கள் இடத்துக்கு வருபவருக்குக் கொடுங்கள்: யாருடைய விஷயம், எந்த அலுவலகத்தில் நிற்கிறது, அடுத்து எந்தத் தேதியில் நினைவூட்ட வேண்டும். ஒஹாயோ மாணவி விட்டுப்போன தாளில் பதினேழு வரி இருந்தது. பாட்டியின் பெயர் மூன்றாவது.

மே மாதம் அவள் ஊர் திரும்பினாள். ஆகஸ்டில் ஒரு மின்னஞ்சல் வந்தது. நலமா என்ற விசாரிப்பெல்லாம் பிறகு. முதல் வரியில் கேட்டிருந்தது, 'மூன்றாவது வரி என்ன ஆயிற்று?' நான் பதில் எழுதினேன்: ஜூலை 9ஆம் தேதி வேறு வீட்டுக்கு மாறிவிட்டார்கள், இரண்டாவது மாடி, பையன் அறைக்குத் தெற்குப் பார்த்த ஜன்னல்.